நுரைப் பலகை ஒட்டும் முன் மொட்டை மாடி பம்பைப் பாருங்கள்

சென்னையின் தென்புறநகரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. ஐந்து மாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி வீடு. சாவி வாங்கி நாலரை வருடம் ஆகிறது. மூன்று வகைச் சத்தங்கள் அவரை வாட்டுகின்றன. முதலாவது, இரவில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை படுக்கையறையில் எழும் 'ங்ங்ங்' என்ற ரீங்காரம். முக்கால் நிமிடம் நீடித்து நின்றுவிடும். "நான் நடு அறையில் நின்று கேட்டேன், ஒன்றுமே இல்லை, உனக்குப் பிரமை" என்கிறார் கணவர். இரண்டாவது, பக்கத்து வீட்டு டிவி. சீரியல் வசனம் வார்த்தை வார்த்தையாக ஹாலில் கேட்கிறது. மூன்றாவது, மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தமும் காலை ஐந்தரைக்குத் தொடங்கும் 'டங் டங்'கும். இதனால் மேல்வீட்டாரோடு வாக்குவாதமாகி இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். செல்போன் செயலி பகலில் சமையலறை பால்கனியில் 68 டெசிபல் காட்டியது, இரவில் படுக்கையறையில் 36 காட்டியது. ஒரு ஒப்பந்தக்காரர் மூன்று சுவர்களிலும் கூரையிலும் இரண்டு அங்குல நுரைப் பலகை ஒட்டினால் 80 சதவீதம் சத்தம் குறையும் என்று சொல்லி 1,85,000 ரூபாய் கேட்டிருக்கிறார். அந்த வேலையைச் செய்யலாமா, செல்போன் அளவை வைத்துப் போலீசில் புகார் கொடுக்கலாமா, தொழில்முறை ஒலி ஆய்வுக்குச் செலவழிப்பது வீணா, கட்டுநரிடம் எதுவும் கேட்க முடியுமா என்பவை அவரது கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் கேட்பது பிரமை இல்லை. அவர் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். அறை 12 அடிக்கு 11 அடி என்றும், கட்டிலின் தலைமாடு 12 அடி நீளவாக்கின் கடைசியில், கழிவறைக் குழாய்கள் போகும் டக்டை ஒட்டிய சுவரில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் மொட்டை மாடியில் இருக்கும் பிரஷர் பம்ப் மேல்தான். குடியிருப்புகளில் வைக்கும் இந்தப் பம்புகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு சுமார் 2,900 சுற்று சுற்றுபவை. அதாவது நொடிக்கு 48. நம் ஊர் வெப்பத்தில் 48 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 24 அடி, அதில் பாதி 12 அடி. அறையின் நீளம் அரை அலைநீளத்தோடு பொருந்திப் போனால் அந்த ஒலி இரு முனைச் சுவர்களை ஒட்டி உச்சத்திலும், நடு அறையில் மிகக் குறைவாகவும் இருக்கும். நீங்கள் தலையை வைத்திருப்பது உச்சத்தில், அவர் நின்று கேட்டது பள்ளத்தில். இன்றிரவே கட்டிலைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே இழுத்துப் போட்டுப் பாருங்கள். ரீங்காரம் தணிந்தால் அது தாழ்ந்த சுருதி ஒலி என்பது உறுதி. பைசா செலவில்லாத முதல் ஆய்வு இது.

செயலி காட்டிய 36

"36 என்றால் நூலகம் மாதிரி அமைதி" என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும். ஒலிமானிகளும் செயலிகளும் வழக்கமாகக் காட்டுவது 'ஏ' எடையிட்ட டெசிபல். மனிதக் காது தாழ்ந்த சுருதியைக் குறைவாகக் கேட்கும் என்ற கணக்கில், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் அது கழித்துவிடும். அறையில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உண்மையில் 62 டெசிபல் இருந்தாலும் திரையில் அதன் பங்கு 32தான். போதாக்குறைக்கு, செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அடிமட்ட ஒலியை அது சரியாகப் பிடிப்பதே இல்லை. தூங்கும் அறையில் தொடர்ந்து வரும் சத்தம் 30 ஏ-டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டல். தாழ்ந்த சுருதி மிகுந்திருந்தால் அதைவிடவும் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது. ஆக, 36 என்ற எண்ணைக் காட்டி யாரும் உங்கள் வாயை அடைக்க முடியாது. அதே எண்ணை வைத்து நீங்கள் வழக்கை வெல்லவும் முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பம்பில் தொடங்குங்கள்

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தகவல் 'இருபது நிமிடத்துக்கு ஒருமுறை' என்பது. நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரும் குழாயைத் திறப்பதில்லை. அப்புறம் ஏன் பம்ப் ஓடுகிறது? பிரஷர் பம்ப், குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும், நிறைந்தால் நிற்கும். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் அழுத்தம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஏதோ ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க், அல்லது பம்பின் திருப்பாத வால்வு, அதாவது தண்ணீரைப் பின்னால் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு. கூடவே, பம்போடு சேர்ந்த, காற்றும் தண்ணீரும் அடைத்திருக்கும் அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கியிருந்தால் சிறு ஒழுகலுக்குக்கூட பம்ப் அடிக்கடி எழும்.

சங்கத்தின் பிளம்பரை வைத்து இதை ஒரே இரவில் கண்டுபிடிக்கலாம். பம்புக்கு அடுத்துள்ள டெலிவரி வால்வை இரவு மூடுங்கள். அப்போதும் பம்ப் எழுந்தால் திருப்பாத வால்வு தண்ணீரைப் பின்னால் விடுகிறது. அதை மாற்ற வேண்டும். எழவில்லை என்றால் ஒழுகல் வீடுகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு ஃப்ளஷ் டேங்கிலும் நாலு சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அந்த வீடுதான். அழுத்தத் தொட்டியைச் சோதிக்க, பம்பின் மின்சாரத்தை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டியின் தலையில் உள்ள காற்று வால்வில் டயர் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாகக் காற்று இருப்பது சரி. 22இல் தொடங்கும் பம்புக்கு 20. அந்த வால்விலிருந்து காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இவை பம்ப் எழும் தடவையைக் குறைக்கும். எழும்போது அதிர்வு உங்கள் சுவருக்கு வராமல் தடுப்பது அடுத்த வேலை. மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பம்பின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ரப்பர் இருக்கும். "ரப்பர் போட்டிருக்கிறோமே" என்பார்கள். ஆனால் போல்ட் அந்த ரப்பரைத் துளைத்து நேராகக் கான்கிரீட்டில் இறுக்கப்பட்டிருக்கும். அதிர்வு ரப்பரை விட்டுவிட்டு போல்ட் வழியாக இறங்கிவிடும். போல்டைச் சுற்றி ரப்பர் குழலும், நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷரும் வேண்டும். சட்டத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தால் அதை உடைத்து எடுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம் இரண்டிலும் ரப்பர் பெல்லோஸ் இணைப்பு, அதாவது வளைந்து கொடுக்கும் ரப்பர் குழாய்த் துண்டு வேண்டும். அது அழுத்தத்தில் இழுபடாமலிருக்கக் கட்டுக்கம்பிகளோடு வாங்குங்கள். பம்பிலிருந்து முதல் நாலைந்து கிளாம்புகளுக்குள் ரப்பர் பட்டை வையுங்கள். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் சிமென்ட் நேரடியாகக் குழாயைப் பிடித்திருக்கக் கூடாது. பெரும்பாலான கட்டடங்களில் கோட்டை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். பம்பை எவ்வளவு அழகாக ரப்பரில் நிறுத்தினாலும், குழாயின் வழியே அதிர்வு டக்டுக்குள் இறங்கி ஒவ்வொரு மாடிச் சுவரையும் ஒலிபெருக்கியாக்கிவிடும்.

இதெல்லாம் முடியும்வரை, இரவு 10 முதல் காலை 5 வரை பம்பை டைமரில் நிறுத்தி, பைபாஸ் வால்வைத் திறந்து மேல்தொட்டித் தண்ணீரைத் தானாக இறங்க விடும்படி சங்கத்திடம் கேளுங்கள். ஐந்தாம் மாடிக்காரருக்கு நீர் கொஞ்சம் மெலிதாக வரும். இரவுத் தேவைக்கு அது போதும்.

நுரை எதைச் செய்யும், எதைச் செய்யாது

அந்த 1,85,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். நுரை, அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டு எதிரொலிப்பதைக் குறைக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் வீடியோ அழைப்பு தெளிவாகக் கேட்க அது உதவும். சுவருக்கு அப்பாலிருந்து வருவதைத் தடுக்க எடை வேண்டும், நுரைக்கு எடையே கிடையாது. தாழ்ந்த சுருதிக்கு இரண்டு அங்குல நுரை இருப்பதும் இல்லாததும் ஒன்று. சாதாரண பாலியூரிதேன் நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும் என்பதால் மகள் படிக்கும் அறையில் அதைக் கூரை முழுக்க ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. '80 சதவீதம் குறையும்' என்பதற்கும் பொருளில்லை. ஒலியின் ஆற்றலில் 80 சதவீதத்தை நீக்கினால் 7 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும்.

பக்கத்து வீட்டு டிவி விஷயத்தில் உங்கள் காதே நல்ல கருவி. சுவர் முழுசாக இருந்தால் அதைத் தாண்டி வருவது மங்கலான 'டும் டும்'தான். வசனம் வார்த்தையாகக் கேட்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இருபக்கமும் பூசிய நாலரை இஞ்ச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கக்கூடியது. பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் 3 அங்குலம் 5 அங்குல அளவில் ஒரே ஒரு திறப்பு இருந்தால் அந்த 45 வெறும் 30 ஆகிவிடும். இந்த ஓட்டை வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: இரண்டு வீட்டு டிவி சுவிட்ச் பாக்ஸும் முதுகோடு முதுகாக இருக்கும் இடம், ஏசி செப்புக் குழாய்த் துளை, அப்புறம் சுவரின் உச்சியும் பீமும் சேரும் இணைப்பு. மூன்றாவது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்திருக்கும். அங்கே கொத்தனார் கலவையைத் திணிக்காமல் விட்டிருப்பார். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனை வைத்துப் பாக்ஸைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பின்னால் இருக்கும் குழியைச் சிமென்ட் கலவையால் நிரப்பி, விளிம்புகளை இறுகிப் போகாத அக்ரிலிக் சீலன்டால் அடையுங்கள். ஸ்ப்ரே நுரை வேண்டாம், அது காற்றை அடைக்கும், ஒலியை அவ்வளவாக அடைக்காது.

ஓட்டையெல்லாம் அடைத்த பிறகும் போதவில்லை என்றால்தான் சுவருக்கு முன் இன்னொரு தோல் போடுவது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 25 மில்லிமீட்டர் மரச்சட்டம் அடித்து ஒரே ஒரு 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையைப் பொருத்தினால், பலகையும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து சுமார் 120 ஹெர்ட்ஸில் தாமே அதிரும். ஆண் குரலின் அடிச்சுருதியும் இசையின் பேஸும் இருக்கும் இடம் அது. காசு கொடுத்துச் சத்தத்தைக் கூட்டியதாகிவிடும். சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் சட்டம், 75 மில்லிமீட்டர் இடைவெளி, உள்ளே 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), மேலே இணைப்புகள் மாறி மாறி வரும்படி இரண்டு அடுக்குப் பலகை என்று செய்தால் அந்த அதிர்வு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும். அறையில் நாலு அங்குலம் போகும். புதுச் சுவரில் சுவிட்ச் பாக்ஸுக்காகத் துளை போட விடாதீர்கள்.

மேல்வீட்டார்

இங்கே கொஞ்சம் உங்கள் கோபத்தைத் தணிக்க விரும்புகிறேன். 150 மில்லிமீட்டர் ஆர்சிசி தளத்தின் மேல் நேரடியாக விட்ரிஃபைடு டைல் ஒட்டிய வீட்டில், சாதாரணமாக வாழ்ந்தாலே கீழே கேட்கும். எடையான தளம் பேச்சுச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், தட்டலைத் தடுக்காது. தட்டும்போது தளமே அதிர்கிறது. அவர்கள் வேண்டுமென்று செய்வதாக நீங்கள் நினைப்பதற்குக் கடிதத்தில் ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காலை 'டங் டங்' அவர்கள் வீட்டிலிருந்துதான் வருகிறதா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். கான்கிரீட் வழியே வரும் சத்தம் தலைக்கு நேர் மேலிருந்து வருவதுபோல் தோன்றும், உண்மையில் பக்கத்து அடுக்கிலிருந்துகூட வரலாம். சுவரில் பதித்த கருங்கல் சமையல் மேடை மீது இஞ்சி தட்டினால் இரண்டு வீடு தள்ளியும் கேட்கும்.

சண்டையை விட்டுவிட்டு ஒரு சோதனைக்குக் கூப்பிடுங்கள். "உங்கள் நாற்காலியை இழுத்துக் காட்டுங்கள், நான் கீழே போனில் இருக்கிறேன், எது கேட்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் வருவார்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ். ஃபெல்ட் ஒட்டினால் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். உரலுக்கும் கிரைண்டருக்கும் அடியில் 10, 12 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு. இதையெல்லாம் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆயிரம், இரண்டாயிரத்தில் முடியும். கீழே நீங்கள் கூரை போட்டுச் சரிசெய்ய முயன்றால், ஸ்பிரிங் தொங்கலில் இரண்டு அடுக்குப் பலகைக் கூரைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரம் போகும். வாழும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் உயரம் 2.75 மீட்டர், ஏசி அறைக்கு 2.4. உங்கள் அறையை அளந்து பாருங்கள். அதோடு மின்விசிறிக் கொக்கி கூரையைத் துளைத்து வரவேண்டும், சுவர்களின் வழியே இறங்கும் பங்கு அப்படியே இருக்கும். செலவழித்த பணத்துக்குக் கிடைக்கும் நிம்மதி குறைவு.

ஆய்வு வேண்டுமா

பம்ப், ஓட்டை, நாற்காலி மூன்றையும் முடித்த பிறகும் தொல்லை இருந்தால், அல்லது கட்டுநரிடம் உரிமை கோருவதாக இருந்தால், வேண்டும். ஒலியியல் ஆலோசகரை அமர்த்துங்கள். பலகை விற்பவர் செய்யும் 'இலவச ஆய்வு' பலகையில்தான் போய் முடியும். பத்து நாள் குறிப்பேடு ஒன்றைத் தயாராக வையுங்கள்: தேதி, மணி, எவ்வளவு நேரம், எந்த அறை, அப்போது பம்ப் ஓடியதா.

நல்ல ஆய்வில் என்ன நடக்கும் என்றால், படுக்கையறையில் ஓர் இரவு முழுக்க முதல்தரத் துல்லியம் (கிளாஸ் 1) கொண்ட ஒலிமானி பதிவு செய்யும். ஒலியைச் சுருதி வாரியாகச் சிறு சிறு பட்டைகளாக (மூன்றில் ஒரு ஆக்டேவ்) பிரித்து, ஏ எடையிடாமலும் எண்கள் தருவார்கள். பம்பை ஓட்டியும் நிறுத்தியும் அளப்பார்கள், சுவரிலும் குழாயிலும் அதிர்வுமானி ஒட்டுவார்கள். பொதுச் சுவரைச் சோதிக்கப் பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கியில் பேரிரைச்சல் எழுப்பி இரண்டு பக்கமும் அளந்து வித்தியாசம் எடுப்பார்கள். அறையின் எதிரொலி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். தளத்தைச் சோதிக்க மேல்வீட்டில் தட்டும் இயந்திரம் வைக்க வேண்டும்: 500 கிராம் எடையுள்ள ஐந்து சுத்தியல்கள், 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்குப் பத்து அடி. பக்கத்து, மேல்வீட்டார் கதவைத் திறந்தால்தான் இந்தச் சோதனைகள் நடக்கும். சமாதானமாகப் போங்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

அறிக்கையில் கருவியின் மாடலும் வரிசை எண்ணும், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்று, அளக்கும் முன்னும் பின்னும் 94 டெசிபல் கேலிப்ரேட்டரில் சரிபார்த்த குறிப்பு, பின்னணிச் சத்தம், கட்டடத்தின் ஒலித்தடுப்பை நேரில் அளப்பதற்கான ஐஎஸ்ஓ 16283 முறையில் அளந்தார்களா என்பது, இவை எல்லாம் இருக்க வேண்டும். பின்னணிக்கும் அளந்த சத்தத்துக்கும் 6 டெசிபல்கூட வித்தியாசம் இல்லாத இடத்தில் உறுதியான முடிவு சொல்லியிருந்தால் கேள்வி கேளுங்கள். இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 ஏ-டெசிபல். வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ, இரவுநேரக் கட்டுப்பாடுகளை மீறினாலோ அதிகாரியிடம் புகார் செய்யலாம். உங்கள் இரவு அளவு அந்த வரம்புக்கே கீழே இருக்கிறது. பகலின் 68 பால்கனியில் எடுத்தது, அதில் தெருவின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. நாற்காலி இழுத்ததற்குப் போலீஸ் புகார் என்றால் சமாதானம் பேசி அனுப்புவார்கள், உறவு மட்டும் இன்னும் கெடும். அந்த வழி வேண்டாம்.

கட்டுநர் விஷயம் வேறு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரம், சேவை வசதிகளில் உள்ள குறையையோ தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை. பெல்லோஸ் இல்லாமல் பொருத்திய பம்பும், நிரப்பாமல் விட்ட சுவர் உச்சியும் இதில் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. டைல் வழியே நாற்காலிச் சத்தம் கேட்பதை இதே பலத்தோடு சொல்ல முடியாது. விற்பனை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி அவர் கருத்தையும் கேளுங்கள்.

உங்களுக்கு மீதமிருப்பது ஆறு மாதம். ஆய்வு அறிக்கைக்காகக் காத்திருந்து அதைத் தவற விடாதீர்கள். பம்பின் அடிச்சட்டம், போல்ட், தளத்துக்குள் இறங்கும் குழாய், சுவிட்ச் பாக்ஸின் பின்குழி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படமெடுத்து, விநியோகச் சான்றுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) இந்த மாதமே கட்டுநருக்கு ஒரு கடிதம் அனுப்பி, நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பம்பின் ரப்பரை மாற்றுவதாக இருந்தால் படமெடுத்த பிறகு மாற்றுங்கள்.